ஒரு கையும் பாலிஷ் மெஷினும்

கார் பாலிஷ் மெஷினோடு வரும் கையேட்டில், பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: மெஷினை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். இரண்டாவது கை இல்லாதவர் என்ன செய்வது என்று கையேடு சொல்லாது. பிறவியிலேயே ஒரு கை குறைந்தவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தில் இழந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை நரம்புப் பின்னல் அறுந்து கை தொங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். தன் காரைத் தானே பளபளப்பாக்கிப் பார்க்க இவர்களுக்கும் ஆசை இருக்கும். சிலருக்கு அதுவே பிழைப்பாகவும் இருக்கலாம். ஒரு கையால் இந்த வேலை முடியுமா, எந்த மெஷினால் முடியும், உடம்பு அதற்கு என்ன விலை கொடுக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முடியும் என்பதே என் முடிவு. ஆனால் கவலையை இடம் மாற்றி வைக்க வேண்டும். எல்லோரும் முதலில் பயப்படுவது பெயின்டுக்காக: எரிந்துவிடுமோ, ஓரம் தேய்ந்துவிடுமோ என்று. சரியான மெஷினை எடுத்தால் அந்தப் பயம் பெருமளவு தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது மிச்சமிருக்கும் கையைப் பற்றிய கவலை. சாப்பிடவும் எழுதவும் பொத்தான் போடவும் பிள்ளையைத் தூக்கவும் அந்த ஒரு கைதான். அதைக் கணக்கில் எடுக்காத யோசனை எதுவானாலும் அரைகுறைதான்.

முதலில் பெயின்ட். இன்றைய கார்களின் மேல்பூச்சு மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதன் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மெழுகு கீறலை நிரப்பி மறைக்கும். பாலிஷ் அப்படியில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் அரைத்து, பரப்பையே கீறலின் அடிமட்டத்துக்குத் தாழ்த்தும். வெயிலில் நிற்கும் கருப்புக் காரின் பானெட்டில் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கீறல்கள் இப்படித்தான் போகின்றன. எடுத்த பூச்சு திரும்பி வராது என்பதால் எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு சீராக எடுக்கிறோம் என்பதில்தான் தொழிலின் நேர்த்தி இருக்கிறது.

ஒரு கை உள்ளவர் மெஷினே வேண்டாம், துணியால் தேய்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அக்கறையோடு சொல்வதுதான், ஆனாலும் தவறான ஆலோசனை. கையால் தேய்க்கும்போது விரல் நுனிகளின் அழுத்தம் ஒரே சீராக விழாது. இக்காலக் கிளியர் கோட்டுகள் கெட்டியானவை. மெஷின் ஒரு நிமிடத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான சிறு அசைவுகளைத் தோளும் முழங்கையும் செய்து முடிக்க வேண்டியிருக்கும். பானெட் முடிவதற்குள் தோள் ஓய்ந்துவிடும். இரண்டு கை உள்ளவர் கை மாற்றிக்கொள்வார். ஒரு கை உள்ளவருக்கு மாற்றக் கை இல்லை. மெஷின் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

அப்படியானால் எந்த மெஷின்? இரண்டு கைகளும் சேர்ந்து என்னென்ன செய்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். எடையைத் தாங்குகின்றன. மெஷினின் முனையில் சுழலும் பேடை மட்டமாக அழுத்துகின்றன. மெஷின் ஓடப் பார்க்கும் திசைக்கு எதிராக இறுக்கிப் பிடிக்கின்றன. வேண்டிய பாதையில் நகர்த்துகின்றன. நடுநடுவே சுவிட்சு, வேகம், ஒயர் என்று கவனிக்கின்றன. இவற்றில் மூன்றாவது வேலைதான் ஒரு கையைத் தோற்கடிக்கும்.

நம் பட்டறைகளில் பஃபிங் மெஷின் என்றாலே நினைவுக்கு வரும் ரோட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பேடை ஒரே அச்சில், ஒரே திசையில், நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3000 சுற்று வரை கட்டாயமாகச் சுழற்றும். பேட் மட்டமாகப் படிந்திருக்கும் வரை அதன் இடது பாதியின் இழுப்பும் வலது பாதியின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒரு பக்கம் இம்மி சாய்ந்தால் சமநிலை போய்விடும், மெஷின் பக்கவாட்டில் ஓடும். ஐந்து கிலோ அழுத்தம், உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், விளிம்பில் மட்டும் அழுந்திய பேட் இரண்டரைக் கிலோ விசையோடு இழுக்கும். பின்பிடியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டுக்கும் பேடின் மையத்துக்கும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி. நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளி இரண்டரைக் கிலோவைக் கட்டி, அதையும் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாதபடி இழுத்தால் மணிக்கட்டு என்ன பாடுபடும்? இரண்டு கை இருந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிடித்து அந்த முறுக்கத்தை எளிதாக அடக்கிவிடலாம். ஒரு கைக்கு அந்த வசதி இல்லை. மெஷினின் எடையும் இரண்டு கிலோவிலிருந்து மூன்றுக்கு மேல் வரை இருக்கும். கை தளர்ந்த ஒரு நொடியில் பேட் ஒரே இடத்தில் நின்று சூடேற்றிவிட்டால், ஓரத்திலோ மடிப்புக் கோட்டிலோ கிளியர் கோட் போய்விடும். ரோட்டரியை ஒரு கையால் இயக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். பழகிய கை வேறு என்று சொல்பவர்களோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டூயல் ஆக்ஷன் என்றும் சுருக்கமாக டி.ஏ. என்றும் சொல்லும் மெஷின் இந்த நிலைமையை மாற்றியது. இதில் மோட்டார் பேடை நேரடியாகச் சுழற்றுவதில்லை. மையத்திலிருந்து விலகிய ஓர் அச்சை அது சுற்றுகிறது. பேட் அந்த அச்சின் முனையில் ஒரு பேரிங்கில் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் பேட் சின்னச் சின்ன வட்டங்களாக அதிர்கிறது, கூடவே தன்போக்கில் மெல்லச் சுழல்கிறது. அழுத்தம் ஒரு பக்கம் ஏறினால் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும். ரோட்டரி கையை மீறி ஓடும் இடத்தில் டி.ஏ. சும்மா நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் பெயின்டை எரித்துவிடாமல் காக்கும் இந்தக் குணம், ஒரு கையால் பிடிப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி. மூன்றாவது வேலையை மெஷினே தன் அமைப்பால் ஏற்றுக்கொண்டுவிட்டது.

டி.ஏ.க்குள்ளும் வகைகள் இருக்கின்றன. போர்ட்டர் கேபிள் 7424 போன்ற பழைய மாடல்களில் பேட் அதிரும் வட்டம் 8 மில்லிமீட்டர். அவற்றால் ஆழமான கீறலை எடுக்க நன்றாக அழுத்த வேண்டும், அழுத்தினால் சுழற்சி நிற்கும். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பிக்ஃபுட் என்ற பெயரில் 15, 21 மில்லிமீட்டர் வட்டம் கொண்ட மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு, பெரும்பாலும் மெஷினின் எடையே அழுத்தமாகப் போதும் என்ற நிலை வந்தது. ஒரு கைக்கு இது மிகப் பெரிய சலுகை. 21 மில்லிமீட்டர் மெஷின் பானெட், ரூஃப் போன்ற அகன்ற தளங்களுக்கு நல்லது, ஆனால் வளைவுகளில் சுழற்சி சட்டென்று நின்றுவிடும். ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்றால் 12 அல்லது 15 மில்லிமீட்டரும் 125 மில்லிமீட்டர் பேடும் பொருத்தமான இணை. 150 மில்லிமீட்டர் பேட் ஆசை காட்டும், ஆனால் அதை மட்டமாக வைத்திருக்க மணிக்கட்டு கூடுதலாக உழைக்க வேண்டும். கட்டாயச் சுழற்சியோடு அதிரும் மெஷின்களும் உண்டு. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் தயாரிக்கும் எக்ஸ்.சி. 3401 அவற்றில் பெயர்பெற்றது. வளைவிலும் நிற்காமல் அரைக்கும். ஆனால் ரோட்டரியின் இழுப்பில் ஒரு பங்கை அதுவும் வைத்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே கை மிச்சமிருந்து ஓரளவு அணை கொடுக்க முடிந்தவர் அதைப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் விட எனக்கு நம்பிக்கை தருபவை உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு மெஷின்கள். பெயின்ட் பூத்தில் ஸ்பாட் ரிப்பேருக்கு வைத்திருக்கும் 75 மில்லிமீட்டர் பேட் போட்ட காற்று மெஷினும், பேட்டரியில் ஓடும் சிறிய ரகங்களும் ஒரு கிலோவை ஒட்டியவை. பிறக்கும்போதே ஒரு கைக்காக வடிவமைக்கப்பட்டவை. பேடின் நேர் மேலே உள்ளங்கை உட்காரும், எனவே அந்த ஒரு சாண் நெம்புகோல் காணாமல் போகும். முழுக் காரையும் இவற்றால் செய்வது நாள்கணக்கில் இழுக்கும் என்பது உண்மை. பம்பர், தூண்கள், கண்ணாடிக் கவசம், கதவுப் பிடியைச் சுற்றிய இடங்கள் ஆகியவற்றுக்கு இவை போதும். பெரிய தளங்களுக்கு மட்டும் பெரிய டி.ஏ.வை எடுக்கலாம்.

பெரிய டி.ஏ.வையும் உள்ளங்கை மெஷின்போலவே பிடிக்க வேண்டும். பின்பிடியை விட்டுவிட்டு ரப்பர் உறை போட்ட தலைப்பகுதியின் மேல் கையை வைத்தால், எடையும் அழுத்தமும் நகர்த்துதலும் ஒரே புள்ளியில் சேரும். மெஷினின் வால் பகுதியை முன்கையின் அடிப்புறம் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஆடாது. ஒயரைக் கையில்லாத பக்கத்துத் தோளின் மேல் முதுகுப்புறமாகப் போட்டு ஒரு கிளிப்பால் சட்டையில் பிடித்துவிடலாம், அல்லது கூரையிலிருந்து தொங்கவிடலாம். பேடை முதலில் பெயின்டின் மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும், சுவிட்சை அணைத்துச் சுழற்சி அடங்கிய பிறகே தூக்க வேண்டும். எல்லோருக்கும் உரிய விதிதான். ஒரு கை உள்ளவருக்கு இதில் விதிவிலக்கே கிடையாது. பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் பேட் சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். அழுத்தம் ஒரு பக்கம் சாய்வதை மணிக்கட்டு உணரும் முன்பே கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலியாகத் தொங்கும் சட்டைக் கையை மடித்துத் தைத்துவிட வேண்டும், ஊக்கு வேண்டாம். ஊக்கு பெயின்டைக் கீறும், தொங்கும் துணி சுழலும் பேடில் சிக்கும். நரம்பு அறுந்து உணர்விழந்த கை இருந்தால் அதைத் தூளியில் இட்டு உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். சூடும் உரசலும் தெரியாத கையில் காயம் பட்டாலும் வேலை முடியும் வரை தெரிய வராது. மெஷினை உடம்போடு வாரால் கட்டிக்கொள்ளும் யோசனை சிலருக்கு வரும். அதைச் செய்யவே கூடாது. எந்த நொடியிலும் விட்டுவிட முடிகிற பிடிதான் பாதுகாப்பான பிடி.

தளங்களில் பானெட்டும் ரூஃபும் டிக்கியும் எளிது. புவியீர்ப்பு அழுத்தத்தைத் தந்துவிடும், கை வழிகாட்டினால் போதும். வழக்கமாக ஒரு நேரத்தில் இரண்டடிச் சதுரம் எடுப்பவர்கள் உண்டு, ஒரு கைக்கு ஓரடிச் சதுரமே நல்லது. கையை நீட்டித் தேய்க்காமல் முழங்கையை விலாவோடு வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து உடம்பை அசைக்க வேண்டும். கடினம் கதவுகளிலும் ஃபெண்டர்களிலும்தான். செங்குத்துத் தளத்தில் எடையைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும், பக்கவாட்டில் அழுத்தவும் வேண்டும், இரண்டும் ஒரே தோளில் இறங்கும். சக்கரம் வைத்த தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முன்கையைத் தொடையில் ஊன்றி, கால்களால் தள்ளி நகர்ந்தால் பாரம் பாதியாகும். லிஃப்ட் இருக்கும் பட்டறையில் காரை உயர்த்தி, வேலை செய்யும் இடத்தை மார்புக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் விடச் சிறந்த தீர்வு தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அசெம்பிளி லைன்களில் கருவிகளைத் தலைக்கு மேலே தொங்கவிடும் ஸ்பிரிங் பேலன்சர்தான் அது. மெஷினின் எடைக்கு ஏற்ப அதை இறுக்கிவிட்டால் மெஷின் விட்ட இடத்தில் மிதக்கும். செங்குத்துத் தளத்தில் கைக்கு அழுத்தும் வேலை மட்டும் மிஞ்சும். டீடெய்லிங் கடைகளில் இது ஏன் பரவவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர். இரண்டு கை உள்ளவர்களின் தோளுக்கும் நல்லதுதானே.

பாலிஷைவிடப் பாலிஷைச் சுற்றிய சில்லறை வேலைகள்தான் ஒரு கையை அதிகம் அலைக்கழிக்கும். மாஸ்கிங் டேப்பை இழுத்து, பிடித்து, கிழித்து ஒட்டுவது முழுக்க இரு கை வேலை. மேசை விளிம்பில் திருகிய கனமான டேப் ஸ்டாண்டு அதைத் தீர்க்கும். பேட் மாற்ற, மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட் மேல்நோக்கி இருக்கும்படி ரப்பர் விரித்த தாங்கியில் நிறுத்தினால் வெல்க்ரோவை ஒரு கையாலேயே உரிக்கலாம். பெயின்டை அரைக்கும் பசையான காம்பவுண்டுக்கு மூடி திருகும் பாட்டில் வேண்டாம், பம்ப் பாட்டில் போதும். பேடில் சேரும் கழிவைத் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடிக்காமல் பலகையில் பதித்துவிட்டு, பேடை அதன் மேல் ஓட்டலாம். எல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் நாளின் கணிசமான பகுதி இவற்றில்தான் போகிறது.

செயற்கைக் கை உதவுமா? முதல் உலகப் போரில் கை இழந்தவர்களை மறுபடி தொழிலுக்கு அனுப்புவதற்காக, பெர்லினின் ஷார்லட்டன்பர்க்கில் செயற்கை உறுப்புகளைச் சோதிக்கும் நிலையம் ஒன்று நடந்தது. அதன் முன்னணியில் இருந்தவர் கியோர்க் ஷ்லெசிங்கர், இயந்திரக் கருவித் துறைப் பேராசிரியர். பாரிஸில் ஜூல் அமார் இதே கேள்வியை உழைப்பின் அளவீடுகளோடு ஆராய்ந்தார். பட்டறைக்கு வேண்டியது கையைப் போன்ற தோற்றம் இல்லை, வேலைக்கேற்ற முனையை மாட்டிக் கழற்ற முடிகிற தண்டு என்ற எண்ணம் அந்த நாள்களில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் அதற்கு முன்பே, மரம் அறுக்கும் ஆலையில் வலது கையை இழந்த டேவிட் டாரன்ஸ், பிளவுபட்ட கொக்கி ஒன்றை உருவாக்கி 1912இல் காப்புரிமை பெற்றார். அதன் வாரிசுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பாலிஷுக்கும் அதே எண்ணம்தான் பொருந்தும். விலையுயர்ந்த மின் விரல்களுக்கு அதிர்வும் தண்ணீரும் காம்பவுண்டுத் தூசியும் ஆகாது. முழங்கைக்குக் கீழே இழந்தவருக்கு, மெஷினின் பக்கப்பிடியை ஒரு பக்கம் திறந்த கிண்ணம்போன்ற முனையால் அணைத்துக்கொள்வதே போதும். அது பூட்டிக்கொள்ளக் கூடாது, இழுத்தவுடன் விலகிவிட வேண்டும். முழங்கைக்கு மேலே இழந்தவருக்குச் செயற்கைக் கையின் எடையே சுமையாகிவிடுவதுண்டு, அவர் அதைக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்வதே மேல். செயற்கைக் கை இல்லாமல் துண்டுபட்ட கையின் முனையை மெஷினில் நேரடியாக ஊன்றிப் பிடிப்பதும் சரியில்லை. தழும்பும் நரம்பு முடிச்சும் உள்ள இடத்தில் நிமிடத்துக்கு ஐயாயிரம் அதிர்வு இறங்கும்.

இப்போது அந்த ஒற்றைக் கைக்கு வருவோம். ஒரு கை இழந்தவர்களின் மறு கையில் மிகையுழைப்பால் வரும் கோளாறுகளைப் பற்றி ஜோன்ஸ், டேவிட்சன் என்ற இருவரின் ஆய்வு 1999இல் வெளிவந்தது. தோள்வலி, மணிக்கட்டு நரம்பு நெரிவு, முழங்கைத் தசைநாண் வீக்கம் எல்லாம் இவர்களைத் தேடிவருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. அதன் மேல் மெஷினின் அதிர்வு சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த நெறிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 மீட்டர்/விநாடி²ஐ எட்டினால் தடுப்பு நடவடிக்கை தொடங்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் அதிர்வு இரட்டித்தால் அனுமதிக்கும் நேரம் நான்கில் ஒன்றாகும். மெஷினின் அதிர்வு 5 என்றால் இரண்டு மணி நேரத்தில் முதல் கோட்டைத் தொடுவோம். 8 என்றால் 47 நிமிடத்தில் முதல் கோடு, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே இறுதிக் கோடு. 10 என்றால் அரை மணியும் இரண்டு மணியும். மெஷின் ஓடும் நேரம் மட்டும்தான் கணக்கு. துடைப்பதும் பேட் மாற்றுவதும் சேராது.

ஒரு கையால் பிடித்தால் அதிர்வு இரட்டிப்பாகுமா என்று கேட்கலாம். கணக்குப்படி ஆகாது. இரண்டு கையால் பிடித்தாலும் ஒவ்வொரு கையையும் தனித்தனியே அளந்து, அதிகமாக இருப்பதைத்தான் எடுப்பார்கள். ஆனால் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும், ஒரு கை கட்டாயம் இறுக்கித்தான் பிடிக்கும். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போவது அதிர்வால் வரும் கைநோயின் பெயர்பெற்ற அடையாளம். நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் அது எளிதில் தென்படாது. இங்கே கவனிக்க வேண்டியவை வேலை முடிந்த இரவில் விரல் நுனி மரத்துப்போவதும், பொத்தான் போடும்போது தடுமாறுவதும்தான். அப்படித் தோன்றினால் மெஷினை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெஷின் வாங்கும்போது விலைக்கு முன் கையேட்டில் அச்சிட்ட அதிர்வு அளவைப் படிப்பதும், காரை ஒரே நாளில் முடிக்காமல் தளம் தளமாக மூன்று நான்கு நாள்களுக்குப் பிரித்துக்கொள்வதும் மிகையான எச்சரிக்கை ஆகாது.

சொந்தக் காருக்கு அந்தப் பிரிப்பு எளிது. கூலிக்குச் செய்பவருக்கு எளிதில்லை. கார் பாகங்களை அடிக்கும் பவர் பிரஸ்களில் விரலும் கையும் இழந்த தொழிலாளர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. காரை உருவாக்கும் தொழிலில் கையைக் கொடுத்தவர், அந்தத் தொழிலின் இன்னொரு முனையில் மறுபடி ஒரு வேலை கேட்டு வருவது இயல்பானது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கையின் இழப்பைச் சதவீதமாக எழுதிவைத்தது: மணிக்கட்டோடு போனால் 60, தோளோடு போனால் 90. சம்பாதிக்கும் திறனில் அவ்வளவு போய்விட்டது என்பது அதன் பொருள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எதிர்த் திசையிலிருந்து பார்க்கிறது. வேலையிடத்தில் தேவையான, நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்கும் கடமையைப் பற்றிப் பேசுகிறது. அதன் நேரடியான கட்டாயம் அரசு நிறுவனங்களுக்கு. தெருவோர டீடெய்லிங் கடையில் அது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

அந்த முதலாளி செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. கூரையில் ஒரு பேலன்சர், சக்கர ஸ்டூல் ஒன்று, 15 மில்லிமீட்டர் டி.ஏ., உள்ளங்கை மெஷின் ஒன்று, பலகையில் பதித்த பிரஷ். சம்பளத்தைக் கார் எண்ணிக்கையில் கணக்கிடாமல் நாளுக்கு இவ்வளவு என்று வைப்பது. மெஷின் ஓடும் நேரத்துக்கு வரம்பு போட்டு, மிச்ச நேரத்தில் பெயின்ட் தடிமன் அளப்பது, விளக்கு வைத்துக் கீறல் பார்ப்பது, எந்த பேடுக்கு எந்தக் காம்பவுண்டு என்று முடிவெடுப்பது போன்ற கண்ணும் அனுபவமும் வேண்டிய வேலைகளை அவரிடம் தருவது. கதவுகளின் கீழ்ப்பாதியை இன்னொருவர் செய்யலாம், பானெட்டும் ரூஃபும் அவருடையவை.